அந்த மண்ணில் என்ன விளையும்?
(துருவப் பகுதி மண்ணின் நயமும் சேர்மானமும்)

இளம் அறிவியல் புவியியல், இரண்டாம் ஆண்டு

முன்னுரை

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, ஒரு மாலைப் பொழுதில் திண்ணையில் அமர்ந்து மண்ணியல் பாடம் படித்துக் கொண்டிருந்தேன். வயலிலிருந்து திரும்பிய என் தந்தையார் மண்வெட்டியைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "என்ன படிக்கிற?" என்று கேட்டார். "துருவத்து மண்ணைப் பத்திப்பா" என்றேன். துருவம் எங்கே இருக்கிறது, அங்கே எவ்வளவு குளிர் என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த மண்ணுல என்ன வெளையும்?"

"ஒண்ணும் வெளையாதுப்பா."

"அப்புறம் அதை எதுக்குப் படிக்கணும்?"

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். கூலி வேலையும் குத்தகைப் பயிருமாக உழைத்து என்னைப் படிக்க வைப்பவர் அவர். ஆகவே அக்கேள்வி எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை. நியாயமான கேள்வியாகவே தோன்றியது. ஆயினும் அன்று என்னால் விடை கூற இயலவில்லை. கல்லூரி திறந்த பின்னர் நூலகத்தில் தேடியும், எம் துறைப் பேராசிரியர்களைக் கேட்டும் நான் அறிந்து கொண்டவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறேன்.

மண்ணும் மண் நயமும்

பாறை பொடிந்தால் மட்டும் மண் ஆகிவிடாது. தட்பவெப்பம், உயிரினங்கள், நிலத்தின் சாய்வு, தாய்ப்பாறை, காலம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே மண்ணை உருவாக்குகின்றன. இக்கருத்துக்கு அடித்தளம் இட்டவர் ரஷ்ய அறிஞர் டோகுசாயேவ். 1941-இல் ஹான்ஸ் ஜென்னி என்பவர் இதனைத் தெளிவான கோட்பாடாக வகுத்தார். இவ்வைந்தனுள் தட்பவெப்பம் ஒன்றே மற்ற நான்கையும் அடக்கி ஆளும் இடம் துருவப் பகுதி எனலாம்.

மண்ணில் உள்ள துகள்களின் பருமனைக் கொண்டு அதன் நயத்தைக் கூறுவர். 2 மில்லிமீட்டர் முதல் 0.05 மில்லிமீட்டர் வரை உள்ளவை மணல், 0.05 முதல் 0.002 வரை உள்ளவை வண்டல். அதனினும் நுண்ணியவை களி. இம்மூன்றும் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்பதைப் பொறுத்தே ஒரு மண் நீரைப் பிடிப்பதும் விடுவதும், இறுகுவதும் பொலபொலப்பதும் அமையும்.

ஆய்வுக்கூடத்தில் சல்லடையில் சலித்தும் நீரில் படியவிட்டும் இதனை அளக்கிறோம். கருவி இல்லாத இடத்தில் கையே கருவி. சிறிது மண்ணை நீர்விட்டுப் பிசைந்து உருட்டினால், மணல் திரியாகத் திரளாமல் உதிரும். வண்டல் மாவுபோல் வழவழக்கும், திரித்தால் விரைவில் முறியும். களி நீண்ட திரியாக வரும், வளைத்தால் வளையமாகும்.

முதலாண்டுச் செய்முறை வகுப்பில் விரிவுரையாளர் மூன்று கிண்ணங்களில் மண் வைத்து, கையால் தொட்டு வகை சொல்லுமாறு பணித்தார். மூன்றையும் நான் சரியாகச் சொன்னேன். "எங்கே கற்றுக் கொண்டாய்?" என்று அவர் கேட்டார். "புத்தகத்தில் படித்தேன், ஐயா" என்றேன். அது உண்மையன்று. இதுபற்றி இறுதியில் கூறுகிறேன்.

உறைந்து கிடக்கும் நிலம்

1828-ஆம் ஆண்டு. கிழக்குச் சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஷெர்ஜின் என்ற வணிகர் குடிநீருக்காகக் கிணறு வெட்டத் தொடங்கினார். தோண்டத் தோண்ட உறைந்த மண்ணே வந்தது. 1837 வரை தோண்டி, ஏறத்தாழ 116 மீட்டர் ஆழம் சென்றும் நீர் கிடைக்கவில்லை. குடிநீர் தராத அக்கிணறு அறிவியலுக்குப் பயன்பட்டது. 1844-இல் யாகுட்ஸ்க் வந்த மிடண்டார்ஃப் என்னும் அறிஞர் அக்கிணற்றின் வெவ்வேறு ஆழங்களில் வெப்பநிலையை அளந்து, அந்நிலம் எவ்வளவு ஆழம் உறைந்திருக்கும் என்று கணிக்க முற்பட்டார்.

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து 0 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்குக் கீழான வெப்பநிலையில் இருக்கும் நிலத்தை நிலைத்த உறைநிலம் என்கிறோம். 'பெர்மாஃப்ராஸ்ட்' என்பது இதுவே. சைபீரியாவின் சில இடங்களில் இது ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழம் வரை செல்கிறது.

இவ்வுறைநிலத்தின் மேல், கோடையில் இளகிக் குளிர்காலத்தில் மீண்டும் உறையும் ஓர் அடுக்கு உண்டு. அதன் கனம் சில இடங்களில் இரண்டு சாண் அளவே இருக்கும். சில இடங்களில் ஓரிரு மீட்டர். செடி வேரூன்றுவதும், நுண்ணுயிர்கள் இயங்குவதும், நீர் அசைவதும் பெரும்பாலும் இந்த இளகும் அடுக்கில்தான். அதன் கீழே உள்ள உறைநிலம் கான்கிரீட் தளம்போல் நீரைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கிறது. அதனால் மழையும் பனிப்பொழிவும் குறைவாக இருந்தும், வடதுருவச் சமவெளிகள் கோடையில் சேறும் சதுப்புமாக இருக்கின்றன.

இத்தகைய மண்ணை அமெரிக்க வகைப்பாட்டில் 'ஜெலிசால்' என்றும், பன்னாட்டு வகைப்பாட்டில் 'கிரையோசால்' என்றும் அழைப்பர். ஜெலிசால் என்பது 1990-களின் இறுதியில்தான் தனி வகையாகச் சேர்க்கப்பட்டது.

வடதுருவ மண்ணின் நயம்

வடதுருவம் நிலத்தால் சூழப்பட்ட கடல். தென்துருவம் கடலால் சூழப்பட்ட நிலம். ஆகவே வடதுருவ மண் என்று நாம் கூறுவது சைபீரியா, அலாஸ்கா, வட கனடா, கிரீன்லாந்தின் கரையோரம், ஸ்வால்பார்டு தீவுகள் ஆகிய இடங்களின் மண்ணையே ஆகும்.

வெப்ப மண்டலத்தில் வெப்பமும் மழையும் பாறையை வேதிமுறையில் கரைத்து மாற்றுகின்றன; அதனால் களி மிகுதியாக உண்டாகிறது. துருவத்தில் வேதிச் சிதைவு மிக மெதுவானது. அங்கே பாறையை உடைப்பது உறைபனி. விரிசலில் புகும் நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்துப் பாறையைப் பிளக்கிறது. பனியாறுகள் பாறையை மாவாக அரைக்கின்றன. காற்று அம்மாவை அள்ளிச் சென்று வேறிடத்தில் படியவைக்கிறது. இதன் விளைவாகத் துருவ மண்ணில் கல்லும் மணலும் வண்டலும் மிகுதி. புதிதாக உண்டாகும் களி குறைவு.

இவற்றுள் வண்டலே மிகுந்த தொல்லை தருவது. நிலம் உறையும்போது மேலே பொங்கி எழுவதை நாம் நீர் உறைந்து பருப்பதால் என்று எண்ணுவோம். அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் டேபர் இதனைச் சோதித்துப் பார்த்தார். நீருக்குப் பதிலாகப் பென்சீனை மண்ணில் ஊற்றி உறைய வைத்தார். பென்சீன் உறையும்போது பருப்பதில்லை, சுருங்கும். அப்படியிருந்தும் மண் பொங்கியது. அப்படியானால் காரணம் யாது? உறையும் முனையை நோக்கிக் கீழிருந்து திரவம் உறிஞ்சப்பட்டு, அங்கே அடுக்கடுக்காக உறைந்து, மண்ணை மேலே தள்ளுகிறது என்பதே விடை. 1929, 1930 ஆண்டுகளில் அவர் இம்முடிவுகளை வெளியிட்டார்.

மணலுக்கு இவ்வாறு உறிஞ்சும் ஆற்றல் குறைவு. களிக்கு ஆற்றல் உண்டு, ஆனால் நீர் அதனூடே மிக மெதுவாகவே ஊரும். உறிஞ்சும் ஆற்றலும் நீர் ஊர வழியும் ஒருங்கே அமைந்தது வண்டல். ஆகவே வண்டல் நிலமே மிகுதியாகப் பொங்குகிறது. தன்னுள் மிகுதியான பனிக்கட்டியையும் சேர்த்து வைக்கிறது. கையால் தொட்டுச் சொல்லும் மண் நயம், ஒரு நிலப்பரப்பின் விதியையே முடிவு செய்வதை இங்கே காண்கிறோம்.

ஆண்டுதோறும் உறைந்தும் இளகியும் வரும் இம்மண், உழுவார் இன்றியே தன்னைத் தானே உழுது கொள்கிறது. கற்கள் மேலே வருகின்றன. மேலிருந்த மக்கு கீழே புதைகிறது. ஸ்வால்பார்டில் கற்கள் தாமே வட்ட வட்டமாக விலகி நின்று, நடுவில் நுண்மண் திரண்டிருப்பதைக் காணலாம். படத்தில் பார்ப்பவர்கள் யாரோ அடுக்கி வைத்ததாகவே எண்ணுவர்.

கடுங்குளிரில் நிலம் சுருங்கி வெடிப்பதும் உண்டு. வெடிப்பில் உருகுநீர் இறங்கி உறையும். மறு ஆண்டும் அதே இடத்தில் வெடிக்கும். இப்படி நூற்றாண்டுக் கணக்கில் ஆப்பு வடிவப் பனிக்கட்டிகள் வளர்ந்து, நிலம் பல்கோணக் கட்டங்களாகப் பிரிகிறது. அலாஸ்காவின் வடகரையில் பல ஆண்டுகள் தங்கி ஆராய்ந்த லெஃபிங்வெல் 1915-இல் இதனை விளக்கினார். கோடையில் வறண்ட ஏரி வெடித்துக் கிடப்பதைக் கண்டவர்களுக்கு அத்தோற்றம் புதியதன்று. ஆனால் ஏரியில் வெடிப்புக்குக் காரணம் ஈரம் காய்வது. அங்கே காரணம் குளிர். கட்டங்களும் ஏரியில் சாண் அளவு, அங்கே பத்து மீட்டருக்கும் மேல்.

அம்மண்ணின் சேர்மானம்

நல்ல விளைநிலத்து மண்ணில் கனிமம், மக்கு, நீர், காற்று ஆகிய நான்கும் உண்டு என்பது பாடம். உறைநிலத்தில் ஐந்தாவதாகப் பனிக்கட்டி சேர்கிறது. சைபீரியாவில் 'யெடோமா' எனப்படும் பழங்கால வண்டல் படிவுகளில், கன அளவில் பாதி முதல் 90 விழுக்காடு வரை பனிக்கட்டியே. அங்கே பனிக்கட்டி மண்ணுக்குள் இருக்கிறது என்பதைவிட, பனிக்கட்டிக்குள் மண் இருக்கிறது என்பதே பொருந்தும்.

அடுத்தது மக்கு. துருவத்தில் செடி வளர்வது குறைவு. குட்டைப் புதர்களும் கோரையும் பாசியுமே உண்டு. அப்படியானால் மக்கும் குறைவாக அன்றோ இருக்க வேண்டும்? உண்மை நேர்மாறானது. அங்கே வளர்வது மெதுவென்றால், மட்குவது அதனினும் மெது. நம் ஊரில் வயலில் உதிர்ந்த இலை சில மாதங்களில் மறைந்து விடுகிறது. அங்கே நூற்றாண்டுகள் கடந்தும் வேரும் தண்டும் அடையாளம் தெரியும்படி கிடக்கின்றன. ஈரமான இடங்களில் அவை 'பீட்' எனப்படும் முற்றா நிலக்கரியாகத் திரள்கின்றன. மட்காத காரணத்தால் தழைச்சத்து உள்ளேயே அடைபட்டு, மக்கு நிறைந்த மண்ணிலும் செடிகள் பட்டினி கிடக்கின்றன.

நிறத்திலும் ஒரு செய்தி உண்டு. நீர் தேங்கிய இளகும் அடுக்கு பெரும்பாலும் சாம்பலும் நீலமும் கலந்து, இடையிடையே துருப்புள்ளிகளுடன் காணப்படும். காற்றுப் புகாத சேற்றில் இரும்பு தன் செந்நிறத்தை இழப்பதே காரணம். நம் நெல்வயலில் நாற்று நட இறங்கும்போது காலடியில் கிளம்பும் நீலச்சேறும் இதே வேதிமாற்றத்தால் ஆனது.

தென்துருவத்தின் வறண்ட மண்

அண்டார்க்டிகாவில் பனி மூடாத நிலம் அரை விழுக்காட்டிற்கும் குறைவு. அதில் மிகப் பெரிய பகுதி மக்மர்டோ வறள் பள்ளத்தாக்குகள். ஆண்டுச் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 20 டிகிரி. பனிப்பொழிவை நீராகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 100 மில்லிமீட்டரும் இல்லை.

இங்கே மண் என்பது சரளையும் மணலும்தான். களி மிகச் சிறிதளவே. மேற்பரப்பில் காற்றால் தேய்ந்த கற்கள் தளவரிசைபோல் பரவியுள்ளன. கழுவிச் செல்ல மழை இல்லாததால், கடற்காற்றும் வளிமண்டலமும் கொண்டுவந்த குளோரைடு, சல்பேட், நைட்ரேட் உப்புகள் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கேயே தங்கிவிட்டன. மக்கு ஏறக்குறைய இல்லை. டெட்ரோ, உகோலினி என்னும் அறிஞர்கள் 1966-இல் இதற்கு 'மக்கற்ற மண்' என்று பொருள்படும் பெயரையே சூட்டினர். இதற்கு நேர்மாறானது கரையோரத்தில் பென்குயின்கள் கூடும் இடத்து மண். எச்சத்தால் அங்கே மணிச்சத்தும் தழைச்சத்தும் மிகுதி.

1903-இல் இப்பள்ளத்தாக்கில் இறங்கிய கேப்டன் ஸ்காட், உயிருள்ள எதையும் காணவில்லை என்று எழுதினார். ஆனால் பிற்கால ஆய்வாளர்கள் அம்மண்ணை நுண்நோக்கியில் வைத்தபோது நூற்புழுக்கள் தென்பட்டன. 'ஸ்காட்னிமா லிண்ட்சேயே' என்பது அவற்றுள் ஒன்று. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இராது. ஈரம் இல்லாதபோது அது தன் உடல் நீரை ஏறத்தாழ முழுவதும் இழந்து, சுருண்டு, உயிரை மட்டும் பிடித்துக் கிடக்கும். ஈரம் வந்ததும் எழுந்து இயங்கும். டயானா வால் என்ற அம்மையார் பல ஆண்டுகள் அங்கே சென்று இவற்றை ஆராய்ந்தார். வெறுங்கண்ணுக்குச் செத்த மண்ணாகத் தோன்றியது செத்ததன்று!

நம் நாட்டுக்கும் இம்மண்ணோடு உறவு உண்டு. 1983-84-இல் பனித்தட்டின் மேல் அமைத்த தட்சிண கங்கோத்திரி நிலையம் பனியில் புதைந்தது. அதன்பின் 1989 முதல் இயங்கும் மைத்ரி, சிர்மாக்கர் என்னும் பனியற்ற பாறை நிலத்தின் மேல் நிற்கிறது. வடதுருவத்தில் ஸ்வால்பார்டில் ஹிமாத்ரி நிலையம் 2008-இல் திறக்கப்பட்டது.

என்ன விளையும்?

இப்போது என் தந்தையாரின் கேள்விக்கு வருவோம்.

வடதுருவ உறைநிலப் பகுதியின் மண்ணில் 1,460 முதல் 1,600 பில்லியன் டன் வரை அங்ககக் கரிமம் உள்ளதென மதிப்பிட்டுள்ளனர். ஒரு பில்லியன் என்பது நூறு கோடி. இன்று வளிமண்டலம் முழுவதிலும் உள்ள கரிமத்தைப் போல இது ஏறத்தாழ இரு மடங்கு! பல்லாயிரம் ஆண்டுகளாகச் செத்த செடிகளும் விலங்குகளும் மட்காமல் அங்கே அடைக்கலம் புகுந்துள்ளன.

எவ்வளவு பத்திரமாக? சைபீரியாவின் கோலிமா ஆற்றங்கரையில், அணில் இனத்து விலங்கு ஒன்றின் பழைய வளையில் 30,000 ஆண்டுகளுக்கு மேல் உறைந்து கிடந்த காய்களின் திசுவிலிருந்து ரஷ்ய அறிவியலார் செடி வளர்த்துப் பூக்கவும் வைத்தனர். அச்செய்தி 2012-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ 46,000 ஆண்டுகள் உறைந்திருந்து உயிர்த்தெழுந்த நூற்புழு பற்றிய ஆய்வு 2023-இல் வெளிவந்தது.

ஆனால் இன்று அச்சேமிப்பு கரையத் தொடங்கியுள்ளது. 1979 முதல் வடதுருவப் பகுதி உலகச் சராசரியைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வெப்பமடைந்து வந்துள்ளதாக 2022-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. உறைநிலம் இளகினால் நுண்ணுயிர்கள் விழித்துப் பழைய மக்கை உண்ணத் தொடங்கும். காற்றோட்டமுள்ள மண்ணில் கரியமில வாயு வெளிப்படும். நீர் தேங்கிய சேற்றில் மீத்தேன் வாயுவும் சேர்ந்து வெளிப்படும். இரண்டும் பூமியை மேலும் சூடாக்குவன. இது ஒரே நாளில் வெடிக்கும் ஆபத்து அன்று. பல பத்தாண்டுகள், நூற்றாண்டுகள் தொடரும் கசிவு. எனினும் ஒருமுறை இளகி மட்கிய மண்ணை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர மனிதனால் இயலாது.

இங்கும் மண் நயமே பேசுகிறது. பனிக்கட்டி குறைந்த சரளை நிலம் இளகினால் பெரும்பாலும் அப்படியே நிற்கும். பனிக்கட்டி நிறைந்த வண்டல் நிலம் இளகினால் உள்ளிருப்பதே நீராய் ஓடிவிடுவதால் இடிந்து அமிழும். சைபீரியாவின் படகாய் என்னுமிடத்தில் 1960-களில் காடு அழிக்கப்பட்ட பின் சரியத் தொடங்கிய நிலம், இன்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளப் பெரும்பள்ளமாகி, இன்னும் விரிகிறது. யாகுட்ஸ்க் நகரில் வீட்டின் சூடு நிலத்தை இளக்காதிருக்கவே கட்டடங்களைத் தூண்களின் மேல் உயர்த்திக் கட்டுகின்றனர். உலகின் பயிர் விதைகளைக் காக்க ஸ்வால்பார்டின் உறைமலையில் 2008-இல் திறந்த விதைக் கிடங்கின் நுழைவுச் சுரங்கத்தில்கூட 2016-இல் உருகுநீர் புகுந்தது. நல்வேளையாக விதைகளுக்குக் கேடு நேரவில்லை.

முடிவுரை

பொங்கல் விடுமுறையில் இவற்றையெல்லாம் என் தந்தையாரிடம் கூறினேன். எண்களை அவர் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. மட்காமல் கிடக்கும் மக்கு என்றதும் நிமிர்ந்து கேட்டார். கடைசியில், "அப்ப அது குதிரு மாதிரின்னு சொல்லு. குதிருல வெதப்பு ஏறினா உள்ள இருக்கிறது அத்தனையும் கெட்டுப் போகும்" என்றார். நான் பல பக்கங்களில் படித்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்தார். பிறகு, "அதைக் காப்பாத்த ஆள் இருக்கா?" என்று கேட்டார். அதற்கும் என்னிடம் முழு விடை இல்லை. அந்நிலத்தில் நாம் குடியிருக்கவில்லை. ஆயினும் அதன்மேல் படரும் சூட்டில் எல்லா நாடுகளின் புகைக்கும் பங்கு உண்டு என்றேன்.

விளைவதை மட்டும் வைத்து மண்ணை மதிப்பிடுவது நம் வழக்கம். விளையாத மண்ணும் உலகைக் காக்கும் என்பதே துருவ மண் எனக்குக் கற்பித்த பாடம்.

இறுதியாக ஒன்று. முதலாண்டுச் செய்முறை வகுப்பில் எங்கே கற்றாய் என்று கேட்ட விரிவுரையாளர் ஐயா அவர்களுக்கு நான் கூறிய விடையை இங்கே திருத்திக் கொள்ள விரும்புகிறேன். மண்ணை நீர்விட்டுப் பிசைந்து, திரித்து, வகை சொல்ல நான் கற்றது புத்தகத்தில் அன்று. ஏழெட்டு வயதில், வரப்பில் குந்தியிருந்த என் தந்தையாரிடம் கற்றேன். அவர் பள்ளிக்குச் சென்றதில்லை. அதைச் சொல்ல அன்று வெட்கப்பட்டேன். இன்று அந்த வெட்கம் இல்லை.